சிரிக்கிறது யாரு?

சிரிப்பு நாடகம் பார்த்துச் சிரிக்காத ஒரே ஒரு ஆளைத்தான் என் ஆயுசில் பார்த்திருக்கிறேன். லுக்குட்டிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போனால் வரும் எங்கள் ரப்பர் தோட்டத்தில், வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தவர். கடைசி வீட்டக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், கணக்கெழுதும் கிராணி பெயர் வாசிக்கும்போது மட்டும் அவருடைய சொந்தப் பெயர் வெளியே வரும். எனக்கு அந்தப் பெயர் தெரியும். சொல்ல மாட்டேன். அவரை வைத்து நாங்கள் சிரித்தது போதும்.

நான் அப்போது தோட்டத்து லாரி டிரைவர். ரப்பர் பால் ஏற்றிக்கொண்டு சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் ஓடுகிறவன் என்பதால், ஊர் உலகம் தெரிந்த ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு. எண்பதுகளில் லயத்தின் முதல் டிவி என் வீட்டுக்கு வந்ததும் அந்த நினைப்பு இன்னும் ஏறிப்போனது. சாயங்காலம் ஆறரைக்குத் தோட்டத்து ஜெனரேட்டர் தடதடவென்று ஓடத் தொடங்கும். ஏழு மணிக்கெல்லாம் என் வீட்டு முன்னறையில் கால் வைக்க இடம் இருக்காது.

சனிக்கிழமைகளில் ஒரு மலாய் நாடகம் வரும். யுனிவர்சிட்டி முடித்த ஒரு பையன் கோலாலம்பூரில் பெரிய கம்பெனியில் வேலைக்குச் சேருகிறான். அவனுக்கு டை கட்டத் தெரியாது. லிஃப்டில் ஏறினால் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் மேலும் கீழுமாகப் போய் வருவான். காப்பியைக் கொண்டுபோய் மேனேஜர் சட்டையிலேயே கொட்டுவான். அவ்வளவுதான் கதை. ஆனால் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எங்களில் முக்கால்வாசிப் பேர் லிஃப்டையே பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

முதல் சனிக்கிழமை. அந்தப் பையன் தெரியாமல் மேனேஜர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுகிறான். மேனேஜர் பின்னால் வந்து நிற்கிறார். நாங்கள் சிரிக்கிறோம். வாசல்படி ஓரத்திலிருந்து ஒரு குரல் பதறுகிறது.

"எந்திரிடா! அடப்பாவி, எந்திரிடா! பின்னால தொரை நிக்கிறாருடா!"

திரும்பிப் பார்த்தால் கடைசி வீட்டக்கா. முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் பாதி எழுந்தே விட்டார். அதைப் பார்த்து இன்னும் சிரித்தோம். அவருக்கு வந்ததே கோபம்.

"என்ன பல்லக் காட்டுறீங்க? மொத நாளு வேலைக்கி வந்த புள்ள. வேல போயிருச்சுன்னா அவன் ஆத்தாளுக்கு யாரு பதில் சொல்றது?"

"ஐயோ அக்கா, அது சிரிப்பு நாடகம்லா," என்றாள் என் பெண்டாட்டி.

"சிரிப்புன்னு யாரு சொன்னா?"

"அதான் டிவிலயே சிரிக்கிறாங்களே, கேக்கலயா?"

அக்கா காதைக் கொடுத்துக் கேட்டார். நாடகத்துக்கு நடுவில் கும்பலாகச் சிரிப்புச் சத்தம் வருமே, அது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஆமா தம்பி, சத்தந்தான் வருது. சிரிக்கிறது யாரு? ஒரு மூஞ்சியக்கூடக் காட்ட மாட்டேங்கிறானே?"

உலகம் தெரிந்தவனாயிற்றே நான். "எல்லாம் கோலாலம்பூர் ஆளுங்கக்கா," என்று அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு வாராவாரம் இதே கேள்விதான். சிரிப்புச் சத்தம் வந்தால் போதும், அக்கா கழுத்தை நீட்டி டிவியின் ஓரங்களில் தேடுவார்.

அவருக்கு வேலை என்றால் அது விளையாட்டில்லை. புருஷன் மின்னல் அடித்துச் செத்துப் பன்னிரண்டு வருஷம். கருமாதி முடிந்த மறுநாள் காலையில் பெரட்டில் வந்து நின்றவர் அவர். மரத்தில் கத்தி வைத்தால் பட்டை ஒரே அளவில் சுருளாக விழும், காயம் படாது. அப்படி வேலை செய்கிறவர், வேலையை மேய்க்கும் மண்டோர் ஏதாவது கேட்டால் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பதில் சொல்வார். மண்டோர் யார்? இவர் தூக்கி வளர்த்த பையன். "ஏங்க்கா அவன் முன்னாடி போயி..." என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அவனுக்கா கழட்டுறேன்? வேலைக்குப்பா," என்றார்.

தீபாவளியன்று எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து துரை பங்களாவுக்குப் போவோம். தாம்பாளத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், மேலே ஒரு மாலை. கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு, சரளைக்கல்லில் வெறுங்காலோடு நடந்து போக வேண்டும். துரை வெளியே வந்து மாலையை வாங்கிக்கொள்வார், எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டுவார், இரண்டு வார்த்தை மலாயில் பேசுவார். வருஷத்தில் அந்த ஒருநாள் ஏதாவது கேட்டால் மறுக்கமாட்டார் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை.

அக்காவின் ஒரே மகன் நன்றாகப் படித்தான். மேல்படிப்புக்கு ஏதோ விண்ணப்பப் பாரத்தில் துரை கையெழுத்து வேண்டியிருந்தது. கிராணி அதை மேசை டிராயரில் போட்டு மூன்று மாதம் இழுத்தடித்தார். அந்த தீபாவளிக்கு அக்கா தனியாக ஒரு தட்டு கொண்டுபோனார். எலுமிச்சம்பழத்தைத் துரை கையில் வைத்துவிட்டு, குனிந்து கும்பிட்டு, விஷயத்தைச் சொன்னார். மறுநாள் காலையில் கையெழுத்து வந்துவிட்டது. பையன் யுனிவர்சிட்டி போனதும் எங்கள் தோட்டத்தின் முதல் பட்டதாரி ஆனதும் அந்தக் கையெழுத்தால்தான். அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

அவனுக்குக் கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது, நாடகம் ஓடிக்கொண்டிருந்த அதே சமயத்தில்தான். கேட்க வேண்டுமா? அன்றிலிருந்து அக்காவுக்கு டிவியில் ஓடுவது நாடகமில்லை, மகன் வீட்டுக் கடுதாசி. நாடகத்துப் பையன் ஆபீஸ் ஃபைலைத் தொலைத்துவிட்டால் அக்காவுக்கு அன்று சோறு இறங்காது. மாதம் ஒருமுறை மகன் வரும்போது வாசலிலேயே விசாரணை தொடங்கும்.

"ஒங்க மேனேசரு கத்துவாராய்யா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"காப்பிய நீ தூக்காத. கை நடுங்குனா மேல ஊத்திரும்."

"அம்மா, அது டிவிக்காரன் சும்மா காட்டுறதும்மா. ஆபீஸ்ல அப்படியெல்லாம் இல்லம்மா."

"அப்பறம் எப்பிடி இருக்கும்? நீ சொல்லு."

அவன் சொல்லமாட்டான். டையைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சிரித்து மழுப்புவான். ஒருமுறை மட்டும், அவனுக்கே அலுப்பாக இருந்ததோ என்னவோ, வாய் தவறிச் சொன்னான்: "மொத ஆறு மாசம் பாப்பாங்கம்மா. புடிச்சாத்தான் நிரந்தரம் பண்ணுவாங்க. இல்லன்னா போகச் சொல்லிருவாங்க."

சொல்லாமலே இருந்திருக்கலாம். அதே மாதம் நாடகத்தில் மேனேஜர் அந்தப் பையனைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு தப்பு செய்தால் வீட்டுக்குப் போ என்றார். அடுத்த சனிக்கிழமை நாடகமே இல்லை, பந்து விளையாட்டைப் போட்டுவிட்டான். நாங்கள் பந்து பார்த்தோம். அக்கா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க மரத்தில் பட்டை வெட்டும்போது அவர் கத்தி தவறியது என்று மண்டோர் சொன்னான். இத்தனை வருஷத்தில் முதல்தடவை.

வியாழக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, ஒனக்குக் கோலாலம்பூரு வழி தெரியுமில்ல? சனிக்கிழம என்னயக் கூட்டிட்டுப் போ. புள்ளைக்கி ஆறு மாசம் முடியப் போவுது. தொரைக்கு ஒரு தட்டு வச்சிட்டு வந்துருவோம்."

இங்கேதான் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போதே தெரியும். பட்டணத்து ஆபீசில் தட்டும் மாலையும் எடுபடாது, பையன் மானம் போகும் என்று தெரியும். "வேணாங்க்கா, அது வேற ஊரு" என்று நாலு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். நான் சொல்லவில்லை. எனக்கு அந்த ஆபீசைப் பார்க்க வேண்டும். இந்த அம்மாள் அங்கே போய் என்ன கூத்து அடிக்கிறாள் என்று பார்க்க வேண்டும். வந்து லயத்தில் சொல்ல ஒரு கதை கிடைக்கும். அந்தக் கேடுகெட்ட ஆசையில் "அதுக்கென்னக்கா, போவோம்" என்றேன்.

மாலையை அவரே கட்டினார். வாழையிலையில் சுற்றி, பஸ்ஸில் யாரும் இடித்துவிடாமல் மடியில் வைத்துக்கொண்டார். சிரம்பானில் பஸ் மாறியபோது என்னிடம் கொடுக்கவில்லை. "நீ ஆட்டிருவ," என்றார்.

கம்பெனி எட்டாவது மாடியில். சனிக்கிழமை அரைநாள் வேலை, நாங்கள் போய்ச் சேரும்போது மணி பதினொன்று இருக்கும். லிஃப்டின் கதவு திறந்ததும் அக்கா செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, சுவரோரம் வைத்தார். "அக்கா, போட்டுக்கிட்டே வாங்க" என்றேன். "இதான் கேட்டு" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். மேலே போகும்வரை கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே குளிர். முன்மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா தட்டை ஏந்தியபடி, "துவான் அடா? ஆனாக் சாயா கெர்ஜா சினி" என்றார். துரை இருக்கிறாரா, என் பிள்ளை இங்கே வேலை செய்கிறான் என்று அர்த்தம். அந்தப் பெண் தட்டைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், அக்காவின் காலைப் பார்த்தாள். எந்த துவான் என்று அவளுக்குப் புரியவில்லை. அதற்குள் நாலைந்து பேர் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ போய்ச் சொல்லி மேனேஜரே வெளியே வந்தார்.

நம் ஆள்தான், பட்டணத்துத் தமிழர். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவர் தட்டைப் பார்த்ததுமே முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"என்னம்மா இது? எனக்கா?"

"ஆமாங்க தொரை."

அவர் விளையாட்டாகத் தலையைக் குனிந்து மாலையைப் போட்டுக்கொண்டார். அக்கா எலுமிச்சம்பழத்தை அவர் கையில் வைத்தார். அந்த நிமிஷம் அக்காவின் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன். தட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. பங்களாவில் செய்ததுபோலவே இடுப்பை மடித்துக் குனிந்து கும்பிட்டார்.

"அப்பன் இல்லாத புள்ளங்க தொரை. தெரியாம காப்பி கீப்பி ஊத்தியிருந்தா, நாக்காலில கீக்காலில ஒக்காந்திருந்தா மன்னிச்சிருங்க. வேலய விட்டு மட்டும் எடுத்துராதீங்க."

முதலில் சிரித்தது முன்மேசைப் பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது, குனிந்ததைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் பின்னால் நின்றவர்கள். அப்புறம் கழுத்தில் மாலையோடு மேனேஜரும், பொல்லாத மனுஷர் இல்லை, அவரும் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சமயத்தில்தான் கையில் கோப்போடு அக்காவின் மகன் உள்ளேயிருந்து வந்தான்.

எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் அழப்போகிற மாதிரிக் கோணியது. நான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. ஒரே ஒரு நொடிதான். அப்புறம் அவனும் சிரித்தான். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டே மேனேஜரிடம் இங்கிலீஷில் சொன்னான்: "சாரி சார், அம்மா டிவியில் வருகிற காமெடியை எல்லாம் நிஜம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்." அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். அதற்கு இன்னொரு சிரிப்பு எழுந்தது.

அக்கா நிமிர்ந்தார். சிரிக்கிறவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவசரமே படவில்லை. மகன் முகத்தில் அவர் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது. கடைசியில் என்னைப் பார்த்தார்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

லிஃப்ட் வரைக்கும் மகன் வந்தான். "சாப்பிட்டுட்டுப் போங்கம்மா, கீழ கடை இருக்கு" என்றான்.

"நீ உள்ள போ சாமி. வேல நேரத்துல வெளிய நிக்காத," என்றார் அக்கா.

கீழே வந்தால் செருப்பைக் காணோம். கூட்டுகிறவர் குப்பையென்று அள்ளிக்கொண்டு போயிருப்பார். வாசலில் ஒரு கடையில் வேறு செருப்பு வாங்கித் தருகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். "காலு இருக்கில்ல, போதும்," என்று தார்ரோட்டில் பஸ் நிலையம் வரைக்கும் வெயிலில் நடந்தார்.

அவர் பேசவில்லை. நான் பேசினேன். அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் கூட்டம் கூட்டி, ஆரம்பத்திலிருந்து நடித்தே காட்டினேன். செருப்பைக் கழற்றியது, "காப்பி கீப்பி" என்றது, குனிந்தது எல்லாம். லயமே சிரித்தது. என் பெண்டாட்டி மட்டும் பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரத்தை டொக்கென்று வைத்த சத்தம் கேட்டது.

இரண்டு சனிக்கிழமை அக்கா டிவி பார்க்க வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மகன் வந்தான், கையில் கடிதத்தோடு. வேலை நிரந்தரமாகிவிட்டது. லயத்தில் ஒரே பேச்சு: பார்த்தியா, தட்டு வேலை செஞ்சிருச்சு! மகனும் அதைத்தான் சொன்னான், வேறு மாதிரி. "மேனேஜர் எங்க போனாலும் அந்தக் கதையத்தான்ணே சொல்றாரு. இப்ப ஆபீஸ்ல என்னைத் தெரியாதவங்களே இல்ல." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் அம்மாவும் மகனும் சேர்ந்தே வந்தார்கள். பட்டதாரியை என் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்தேன். அக்கா வழக்கம்போல வாசல்படி ஓரத்தில். "உள்ள வாங்கக்கா" என்றாள் என் பெண்டாட்டி. வரவில்லை.

நாடகம் தொடங்கியது. அந்த வாரம் மேனேஜர் பையனை எல்லார் முன்னாலும் நிறுத்தித் திட்டுகிறார். அவன் கையிலிருந்த தாள்கள் சிதறி விழுகின்றன. அவன் மண்டிபோட்டுப் பொறுக்குகிறான், பொறுக்கப் பொறுக்க இன்னும் சிதறுகின்றன. டிவிக்குள் கும்பலாகச் சிரிக்கிறார்கள். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அக்கா இப்போது திட்டுவார், "வேலைக்கி வந்த புள்ளடா" என்று கத்துவார் என்று காத்திருந்தோம். திட்டமாட்டாரா என்றுதான் இருந்தது எனக்கு.

அக்கா சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. முட்டியைக் கட்டிக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். டிவிக்காரர்கள் நிறுத்திய பிறகும் சிரித்தார். பையன் மறுபடி மண்டிபோட்டபோது, விரலை நீட்டிக் காட்டிக்காட்டிச் சிரித்தார்.

"அம்மா," என்றான் மகன்.

"சிரி சாமி. நல்லாருக்குல்ல? எப்பிடிக் குனியிறான் பாரு!"

"அம்மா, போதும்மா. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"ஏன், இது சிரிப்பு நாடகந்தான? இத்தினி நாளா எனக்குத்தான் தெரியல." அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "ஏன் தம்பி, அன்னிக்கி அங்க நல்லாத்தான சிரிச்ச? இன்னிக்கி என்ன, சத்தத்தையே காணோம்?"

நான் எழுந்துபோய் டிவியை அடைத்தேன். மகன் நாற்காலியை விட்டு இறங்கி அவர் காலடியில் உட்கார்ந்தான். அந்தக் காலில் தார்ரோடு சுட்ட கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

"ஏம்ப்பா அடைச்சிட்ட?" என்றார் அக்கா. "போடு, போடு. இன்னும் முடியலையே."